பட்டணத்தில் துப்பிய தேத்தண்ணி

சென்னைப் பட்டணம் எனக்குப் பிடிக்கவில்லை. இதைச் சொல்ல எனக்குள்ள தகுதி, அங்கே எட்டு நாள் இருந்தேன் என்பது. எட்டு நாளும் கம்பளிக் கோட்டு போட்டிருந்தேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். சிலோன் மலைநாட்டில், ஹட்டனில், அது குளிருக்கு. பட்டணத்தில், வந்திருப்பவர் சிலோன்காரர் என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டுமே, அதற்கு.

அறுபதுகளின் தொடக்கம். ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், எங்கள் பேச்சில் 'ஸ்டோரு' எனப்படும் தேயிலை ஆலையில், டீமேக்கருக்கு அடுத்த ஆளாக இருந்தேன். காலையில் வரிசையாக வைத்த கோப்பைகளிலிருந்து தேத்தண்ணியை ஒவ்வொரு கரண்டியாக எடுத்து, சர்ரென்று உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, இடது பக்கத்துத் தொட்டியில் துப்புவது என் வேலையில் ஒரு பங்கு. விழுங்கக் கூடாது. பதினேழு வருஷம் துப்பியிருந்தேன். சிலோனில் துப்புவதற்கு எனக்கு உரிமை இருந்தது, பிரஜையாவதற்கு இல்லை. மனுப் போட்டோம், தள்ளிவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து மச்சானிடமிருந்து கடிதம் வந்தது. மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். பத்து வருஷத்துக்கு முன்பே அக்கரை போய், பட்டணத்தில் ஒரு தேயிலை வியாபாரியிடம் வேலையில் இருந்தார். முதலாளிக்கு ருசி பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டுமாம், மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்லி வைத்திருக்கிறாராம். மனைவிக்கு உலகத்தில் கூடப்பிறந்தவர் அவர் ஒருவர்தான். அவள் கடிதத்தை மூன்று முறை படிக்கச் சொன்னாள்.

"என்னங்க, சும்மா ஊரு பாக்கப் போற மாதிரி ஒருக்கா போய்ப் பாத்துட்டு வாங்க. புடிச்சிருந்தா போயிருவோம். அண்ணன் மொகத்தப் பாத்து பத்து வருஷமாச்சு."

எனக்குப் போக மனமில்லை. ஆனால் பட்டணத்தைப் பற்றி அவளிடம் அளந்ததெல்லாம் நான்தான். ஹட்டன் கடைக்கு ஒரு வாரம் பிந்தி வரும் பத்திரிகைகளைப் படித்து, கடற்கரை, சங்கீத சபை, பதினாலு மாடிக் கட்டடம் என்று நேரில் பார்த்தவன்போல் பேசியிருந்தேன். வாய்க்கு வந்த வினை. கப்பலும் ரயிலுமாகப் போய் எழும்பூரில் இறங்கினேன்.

இறங்கியதும் சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் ஒருவர் என் பெட்டியைப் பிடித்துக்கொண்டார். "இன்னா சாமி, எங்க போவணும்?"

மச்சானின் விலாசத்தைக் காட்டினேன். பாதி புரிந்ததுபோல் தலையாட்டினார். சரி, சரி என்று சொல்ல வேண்டிய இடத்தில், எங்கள் பக்கம் சிங்களம் கலந்து பழகிய நாக்கு, "ஹரி, ஹரி" என்றது.

அவர் முகம் மலர்ந்தது. மிதித்தார், மிதித்தார், கடைசியில் திருவல்லிக்கேணிப் பெருமாள் கோயில் வாசலில் கொண்டுபோய் இறக்கினார். "ஹரி ஹரின்னு சொல்லிக்கினே வந்தியே சாமி, சேவிச்சிட்டு வா, வெயிட் பண்றேன்." உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். கோட்டைப் பார்த்து அர்ச்சகர் தட்டை நீட்டினார்.

அதன் பிறகு ஒரு வாரம் மச்சான் லீவு போட்டு எனக்கு ஊர் காட்டினார். பாலத்தின் மேல் நின்று, "இதான் கூவம்" என்றார். சொல்லியிருக்க வேண்டாம், அது தானே தன்னை அறிமுகம் செய்துகொண்டிருந்தது. கடற்கரையில் சுண்டல் வாங்கித் தந்தார். பாதி பட்டாணி, பாதி மணல். மணல்தான் நன்றாக வெந்திருந்தது. செத்த காலேஜ் என்று ஒரு இடத்துக்குக் கூட்டிப்போனார். கல்லூரி என்று நினைத்துக் கோட்டின் பொத்தானை எல்லாம் போட்டுக்கொண்டு போனேன். பொருட்காட்சிசாலை. பாடம் செய்த மிருகங்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் என்னைவிடக் குளிர்ச்சியாக நின்றன. பதினாலு மாடிக் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தபோது யாரோ என் செருப்பில் வெற்றிலைச் சாறு துப்பிவிட்டுப் போனார்கள். இடம் பொருள் பார்க்காமல் துப்புகிற ஜனம் என்று மச்சானிடம் முகத்தைச் சுளித்தேன். இந்த வாக்கியத்தை வாசகர் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

குழாயில் உப்புத் தண்ணீர், காதில் கொசு, கழுத்தில் வேர்க்குரு. ஒவ்வொன்றையும் ஆசையோடு மனதில் குறித்துக்கொண்டேன். மனைவியிடம் சொல்லி, போகாமல் இருப்பதற்குக் காரணங்கள் வேண்டும் அல்லவா?

ஞாயிற்றுக்கிழமை காலை முதலாளியே மச்சானின் வீட்டுக்கு என்னைப் பார்க்க வந்துவிட்டார். தும்பைப் பூப் போன்ற வேட்டி. இருந்த ஒரே பெஞ்சியில் அவர் இடது ஓரம், நான் வலது ஓரம். மச்சான் எதிரே நின்று, "நம்ம மாப்ள வாயில வச்சாருன்னா எந்தத் தோட்டம், எந்த மலைன்னு சொல்லிருவாருங்க" என்று அளந்துகொண்டிருந்தார். மச்சானின் மனைவி மூன்று தம்ளரில் டீ கொண்டுவந்தாள். அவளும் ஹட்டனுக்கு அடுத்த கொட்டகலைப் பக்கத்துப் பெண்தான்; முறைக்கு எனக்குத் தங்கை.

முதலாளி நிதானமாகக் குடித்தார். நான் ஒரு வாய் எடுத்தேன். பாலுக்கும் சீனிக்கும் அடியிலிருந்து ஒரு வாடை கிளம்பியது: நார், குச்சி, தரைப் புழுதி. பதினேழு வருஷத்துப் பழக்கம் என்னைக் கேட்கவில்லை. சர்ரென்று உறிஞ்சினேன், சுழற்றினேன், இடது பக்கம் துப்பினேன்.

இடது பக்கம் தொட்டி இல்லை. முதலாளி இருந்தார்.

அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். நிபுணனாயிற்றே! "தூளா மச்சான் இது? சல்லடையில நிக்காததக் கூட்டி அள்ளுன குப்பை! எந்தக் களவாணிப் பய இத உங்க தலையில கட்டுனான்?"

முதலாளி வேட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை உள்ளே போய் ஒரு பிஸ்கட் தகரத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அதைச் சுற்றித் தைத்த துணியில் விலாசம் என் கையெழுத்தில் இருந்தது.

"நீங்கதாண்ணே வருஷா வருஷம் அனுப்புறீங்க" என்றாள். "நாங்க தெனம் இதக் குடிக்கிறதில்ல. மரியாதப்பட்டவங்க வந்தா மட்டுந்தான் போடுறது."

உண்மைதான். ஸ்டோரில் எங்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் கடைசித் தரத் தூளைத்தான் ஊருக்குப் போகிறவர்களிடம் கொடுத்தனுப்புவேன். பாலை ஊற்றிக் கொதிக்கவைக்கிற ஜனத்துக்கு இது போதாதா என்று ஒரு எண்ணம். ருசி பார்த்து மிச்சமாகும் நல்ல தூள் எங்கள் வீட்டு மேல்தட்டில், எனக்கென்று தனி டின்னில் இருக்கும். பட்டணத்தில் எட்டு நாளில் நான் கண்ட அருவருப்புகளிலேயே முதல் இடம் எதற்கு என்று அந்தப் பெஞ்சியிலேயே தீர்மானமாகிவிட்டது. அது கோட்டு போட்டிருந்தது.

முதலாளி எழுந்து, "வாய் சுத்தமான வாய்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பும் வழியில் மண்டபம் முகாமில், காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நாள் நிறுத்திவைத்தார்கள். கூவம், கொசு, சுண்டல் என்று சொல்ல வேண்டியதையெல்லாம் அங்கே வரிசையாக ஒத்திகை பார்த்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும், "அது மனுஷன் இருக்கிற ஊரா?" என்று தொடங்கினேன்.

மனைவி ஒரு கடிதத்தை நீட்டினாள். எனக்கு முன்பே வந்துவிட்டிருந்தது. 'மாப்பிள்ளைக்கு நம் வீட்டுத் தேத்தண்ணி ஒத்துக்கொள்ளவில்லை; அங்கிருந்து வந்த தூளையே குப்பை என்று துப்பிவிட்டார். முதலாளிக்கு மாப்பிள்ளை ஒத்துக்கொள்ளவில்லை. வேறு ஆள் வைத்துக்கொண்டார். இனிமேல் தூள் அனுப்பிச் சிரமப்பட வேண்டாம்.'

"அந்தக் குப்பையவா நான் எங்கையால தச்சுத் தச்சு அனுப்புனேன்?" என்றாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் கூவத்தைப் பற்றிப் பேச ஒரு இடைவெளி கிடைத்திருக்கும்.

மேல்தட்டு டின் ஏற்கெனவே கீழே இறங்கியிருந்தது. அதற்குப் புதுத் துணி சுற்றி, ஒரு பக்கம் தைத்து வைத்திருந்தாள். "போறது இல்லன்னு ஆயிருச்சு. இதாச்சும் போகட்டும். எழுதுங்க" என்று பேனாவைக் கொடுத்தாள். மச்சானின் பெயரையும் விலாசத்தையும் எழுதினேன்.

எழுதி முடிப்பதற்குள் கோப்பை வந்துவிட்டது. ஒரு வாய் எடுத்தேன். கடைசித் தரம், நார், குச்சி, தரைப் புழுதி. கன்னம் தானாக உப்பியது. இடது பக்கம் திரும்பினேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவள் அங்கேதான் நின்றாள்.

விழுங்கினேன்.