காரியம் முடியாத வீட்டில் சீரியல்

உறுவையாறு கிராமத்தில் அக்கா வீட்டை விட்டுக் கிளம்பி, துணிப்பையோடு நெட்டப்பாக்கம் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். வேலையில்லாமல் மூன்று மாதம் அங்கேதான் சோறு தின்றேன். இனி அங்கே போக முடியாது.

அக்கா புருஷனின் தாயார் இறந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை டிவி போடக் கூடாது என்று அதன்மேல் பழைய புடவையைப் போர்த்தியிருந்தார்கள். மாமா ரசிகர் மன்றத்து ஆள். அந்த வாரம்தான் அவருடைய நடிகரின் படம் வெளிவந்தது. முதல்முறையாக முதல் காட்சிக்குப் போகாமல் வீட்டில் கிடந்தார். அக்காவுக்குச் சீரியல்தான் உயிர். அதைச் சொல்லி அவர் கேலி செய்யாத நாள் இல்லை.

"ஒரு வாரமா பாக்கலடா, இன்னா ஆச்சோ" என்று அவள் சொன்னதும் என் போனைக் கொடுத்தேன். தப்பு என்னுடையது.

மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து பார்த்தவளை மாமா பிடித்துவிட்டார்.

"எங்கம்மாவுக்காக நான் படத்தையே வுட்டேன். உனக்கு அழுமூஞ்சி சீரியல் கேக்குதா?"

"நீ கட்அவுட்டுக்குப் பால் ஊத்துனப்ப நான் எதனா கேட்டனா? அரை மணி நேரம் பாத்துட்டேன், அதுக்குன்னு..."

அறைந்தார். அவள் உதடு கிழிந்தது. போனைக் கல்லில் அடித்து நொறுக்கினார். நான் அவர் கையைப் பிடித்ததும் அக்கா என்னைத்தான் தள்ளினாள்.

"நீ போடா. நீ இருந்தா இன்னும் அடிப்பாரு."

வந்துவிட்டேன். மறுநாள் காலை நெட்டப்பாக்கத்தில் லாரியில் கரும்பு ஏற்ற ஆள் எடுத்தார்கள். மேஸ்திரி போன் நம்பர் கேட்டார். இல்லை என்றேன். அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்கவும் வழியில்லாமல் முதல் கரும்புக் கட்டைத் தலையில் ஏற்றினேன்.