மதிலின் உயரம் தெரிய ஓர் ஆள்

கொழும்பு வெள்ளவத்தையில் பொம்பிளை பார்ப்பதற்கென்றே சில இடங்கள் இருக்கின்றன. கோயில் வீதி, காலி வீதியில் ஏசி போட்ட சாப்பாட்டுக்கடை, தெரிந்தவர் யாருடையதாவது ஃபிளாட். முப்பத்தாறு வயதுக்குள் நான் இவை எல்லாவற்றிலும் பார்க்கப்பட்டுவிட்டேன். சாதகத்தில் எட்டில் செவ்வாய் என்பதால் வருகிறவர்களே குறைவு. வந்தவர்களும் யோசித்துச் சொல்கிறோம் என்று போனவர்கள்தான், இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால், லண்டன் மாப்பிள்ளை ஒருவர் என்னைத் தெற்கே கடலோரம் இருக்கும் காலிக் கோட்டையில் வைத்துப் பார்க்க விரும்புகிறார் என்று தரகர் ஃபோனில் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவுக்கு வரவில்லை.

"அவருக்குக் கோட்டை எண்டா உயிராம். லீவு கிடைச்சா ஒவ்வொரு நாடாப் போய்ப் பழைய கோட்டையளைப் பாக்கிறவராம். செவ்வாயும் பொருந்துது. பழம் நழுவிப் பாலில விழுந்த மாதிரியாம்" என்று தரகர் சொன்னதை அம்மா அப்படியே அப்பாவிடம் ஒப்புவித்தார்.

அப்பாவுக்கு நெஞ்சில் ஒப்பரேஷன் முடிந்திருந்த நேரம். "இது சரிவந்தா நான் நிம்மதியாக் கண்ணை மூடுவன்" என்றார். அந்த வசனம் எனக்குப் பிடிக்காது. ஒரு மனுசர் நிம்மதியாகச் சாவதற்கு என் கழுத்தில் தாலி ஏற வேண்டுமென்றால் நான் என்ன செய்வது? ஆனாலும் இந்த முறை எனக்கும் உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்தது. இது கடைசிச் சந்தர்ப்பம் என்று யாரும் சொல்லவில்லை, வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அலுவலகத்தில் சாப்பாட்டு நேரங்களில் காலிக் கோட்டையைப் பற்றிப் படித்தேன். போர்த்துக்கேயர் தொடங்கியது, ஒல்லாந்தர் பெரிதாக்கியது, கடலில் எடுத்த முருகைக்கல்லையும் கருங்கல்லையும் சேர்த்துக் கட்டியது எல்லாம் தலைகீழ்ப் பாடம். பரீட்சைக்குக்கூட நான் இப்படிப் படித்ததில்லை.

அவர்கள் வாடகைக்குப் பிடித்த வான் வண்டியில், அவரும் அவருடைய தாயாரும் நானும் அம்மாவுமாகப் போனோம். கோட்டைக்குப் போகிறவள் சீலை உடுத்துவாளா என்று கேட்டுப் பார்த்தேன். அம்மா கேட்கவில்லை. மாம்பழ நிறப் பட்டு. மதிலில் ஏறியதும் கடற்காற்று அதைப் பாய்மரமாக்கிவிட்டது. ஒரு கையால் முந்தானையையும் மறு கையால் குடையையும் பிடித்துக்கொண்டு நடந்தேன். தாய்மார் இருவரும் கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் நிழல் பார்த்து உட்கார்ந்துவிட்டார்கள்.

உண்மையைச் சொன்னால், அந்த ஒரு மணித்தியாலம் எனக்குப் பிடித்திருந்தது. அவர் கல்லைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். சின்ன வயதில் லண்டன் போனவர், தமிழ் கொஞ்சம் தட்டுத்தடுமாறி வந்தது. ஒல்லாந்தர் நிலத்துக்குக் கீழே கால்வாய் வெட்டியதையும் கடல் ஏறி இறங்கும்போது ஊர் அழுக்கை அதுவே கழுவிக்கொண்டு போனதையும் சொன்னேன். சுனாமி வந்தபோது வெளியே ஊர் அழிய, மதிலுக்குள்ளே பெரிய சேதம் இல்லாமல் தப்பியதைச் சொன்னேன்.

"இதெல்லாம் உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று நின்றுவிட்டார்.

"படிச்சனான்."

"கோட்டையைப் பற்றி இப்பிடிக் கதைக்கிற ஒரு ஆளை நான் இங்க காணேல்ல."

அதுவரை என்னைப் பார்க்க வந்தவர்கள் கேட்டதெல்லாம் குளிர் தாங்குவீர்களா, சமைப்பீர்களா என்பதுதான். மதில் நெடுகச் சிங்களப் பெடியன்களும் பெட்டைகளும் ஒரு குடைக்குள் இரண்டு பேராக ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வேறு நாளென்றால் முகத்தைத் திருப்பியிருப்பேன். அன்றைக்குப் பார்த்தேன்.

பிறகு மதிலில் இருந்து இறங்கி வெளிப்பக்கம் வந்தோம். அவர் கமெராவை எடுத்தார். "நீங்கள் அந்த மூலையில போய் நிக்கிறீங்களா?"

கொசுவத்தைச் சரிசெய்து, தலைமயிரை ஒதுக்கி, குடையை மடக்கி வைத்துவிட்டு நின்றேன். அவர் பின்னால் போய்க்கொண்டே இருந்தார். "இன்னும் மதிலோட ஒட்டி நில்லுங்கோ" என்று அங்கிருந்து கத்தினார். இவ்வளவு தூரத்தில் நின்று எடுக்கிறாரே, கூச்ச சுபாவம்போல என்று நினைத்துக்கொண்டேன். நன்றாகச் சிரித்தேன்.

திரும்பி வரும்போது அவர் முன்சீற்றில் இருந்து கமெராவைப் பார்த்துக்கொண்டு வந்தார். பின்னால் அவருடைய தாயார் என் கையைப் பிடித்துக்கொண்டு அம்மாவிடம் சொன்னார்.

"தங்கமான பிள்ளை. நாங்கள் நாளையிண்டைக்கு யாழ்ப்பாணம் போறம். கோட்டை பாக்கவேணும் எண்டு நிக்கிறான். அங்கையும் ஒரு சாதகம் பொருந்தியிருக்கு, அந்தப் பிள்ளையையும் கோட்டைக்கே வரச் சொல்லியிருக்கிறம். பிறகு திருகோணமலை, அங்கையும் ஒரு பிள்ளை. ஒரே அலைச்சலில எல்லாத்தையும் முடிக்கலாம், பாருங்கோ."

"ஓம் ஓம், அதுதானே நல்லது" என்றார் அம்மா.

மன்னாரிலும் ஒரு கோட்டை இருக்கிறது. மட்டக்களப்பிலும் இருக்கிறது. அங்கெல்லாம் எட்டில் செவ்வாய் உள்ள பெட்டைகள் யாரும் அகப்படவில்லைபோலும். கையை இழுத்துக்கொள்ள நினைத்தேன். இழுக்கவில்லை. அப்பா வீட்டில் காத்துக்கொண்டிருந்தார்.

கதவைத் திறந்தவர் "என்ன மாதிரி?" என்று கேட்டார். "நல்ல சனம். யோசிச்சுச் சொல்லுவினமாம்" என்றார் அம்மா. அப்பா போய்ப் படுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து ஒரு கதையும் இல்லை. தரகரும் ஃபோனை எடுப்பதை நிறுத்தியிருந்தார். அவர்கள் லண்டன் திரும்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட பிறகு ஒருநாள் என் வட்ஸ்அப்புக்கு அந்தப் படம் வந்தது. படம் முழுக்க மதில். அடியில், ஓரமாக, மஞ்சளாக ஒரு பொட்டு. கீழே எழுதியிருந்தார்: "மிகவும் நன்றி. ஒரு ஆள் நின்றால்தான் மதிலின் உயரம் தெரியும்."

அழித்துவிடலாம் என்று போனவளிடமிருந்து அம்மா ஃபோனை வாங்கினார். வாசித்தார்.

"உன்ர புதுப் படம் ஒண்டும் இல்லையோ எண்டு தரகர் முந்திக் கேட்டவர். மதிலை வெட்டிப்போட்டு இதை அனுப்புவம்."

இரண்டு விரலால் படத்தை விரித்தார். மதில் வெளியே போனது. இன்னும் விரித்தார். மாம்பழ நிறம் திரை முழுக்க வந்தது. அதற்கு மேலே, நான் அவ்வளவு சிரித்துக்கொண்டு நின்ற இடத்தில், மண்ணிறத்தில் சில கட்டங்கள் மட்டும் இருந்தன.

அப்பா படுக்கையிலிருந்து கேட்டார். "முகம் தெரியுதோ?"

"சீலை நல்லாத் தெரியுது" என்றார் அம்மா.