பதினொரு பேரில் யோகப்பிரியா இல்லை

பெருமாட்டிப் பக்கம் டிராக்டர் ஓட்டுகிற பொம்பளை என்று கேட்டால் யோகப்பிரியாவின் வீட்டுக்குத்தான் கை காட்டுவார்கள். நாற்பதைத் தாண்டியவள். அப்பா செங்கோட்டையன் காலமான பிறகு தென்னந்தோப்பும் கறவை மாடுகளும் அவள் பொறுப்புக்கு வந்தன. தோப்பை ஒட்டிக் கிழக்கே கிடந்த மூன்று ஏக்கர் வெறும் நிலமும் அவள் பேரில்தான் இருந்தது. ஆனால் அதை ஊரில் ஒருவரும் அவள் நிலம் என்று சொன்னதில்லை. 'கிரவுண்டு' என்றே சொன்னார்கள். உதயம் கிரிக்கெட் கிளப் தொடங்கிய காலத்தில் செங்கோட்டையன் விளையாட விட்ட இடம். வாடகையும் இல்லை, எழுத்தும் இல்லை.

அந்த கிரவுண்டில் அவளும் ஆடியவள். பிளஸ் டூ படிக்கும்போது, தோப்புக்குள் வந்து விழும் பந்துகளை எடுத்து எறிந்துகொண்டிருந்தவளை ஒருநாள் ஆள் குறைகிறது என்று கேப்டன் ரத்தினசாமி உள்ளே கூப்பிட்டார். ஆப் ஸ்பின் போட்டாள். தரையில் விழுகிற வரைக்கும் சாதுவாக வரும் அந்தப் பந்து, விழுந்த பிறகு யார் பேச்சையும் கேட்காது. அதன்பின் ஆள் குறைந்தாலும் குறையாவிட்டாலும் அவளுக்கு அழைப்பு வந்தது. சில வருஷம் விடாமல் ஆடினாள். அவள் பந்துக்குக் கீப்பராக நின்றவன் நல்லேப்பிள்ளிக்காரன் தனபால். ஸ்டம்புக்குப் பின்னால் குத்தவைத்தே பெண் பார்த்து முடித்துவிட்டான் என்று அவர்கள் கல்யாணத்தில் கேலி பேசினார்கள்.

ஆனால் கல்யாணத்துக்கு முன்பே அவள் ஆட்டம் நின்றுவிட்டது. ஒரு வருஷம் ஒருநாள் போட்டியில் கிளப் அரையிறுதி வரை வந்தது. மாநில எல்லையான கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி வந்த டீம் ஒன்று எதிரில். அதில் ஐந்து பேரை அவள் ஒருத்தியே அவுட்டாக்கி வீட்டுக்கு அனுப்பினாள், கிளப் ஜெயித்தது. இறுதி ஆட்டத்தன்று காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தவளிடம் ரத்தினசாமி சொன்னார்: "அம்மிணி, இன்னிக்கு நீ உக்காந்துக்க. பெரிய பெரிய ஆளுங்க வாராங்க. பொம்பளப்புள்ள ஆடறதப் பாத்தா நம்ம டீமையே சிரிப்பாங்க."

வேலியோரம் உட்கார்ந்து கிளப் தோற்பதை முழுசாகப் பார்த்தாள். தனபால் அன்றைக்கும் கிளவுஸைப் போட்டுக்கொண்டு போய் நின்றான். அதற்குப் பிறகு அவள் பந்தைத் தொடவில்லை. கேட்டவர்களிடம் வேலை அதிகம் என்றாள். உள்ளே கிடந்த கோபத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

கிளப்புக்கு இந்தக் கோடையில் முப்பதாவது ஆண்டு விழா வந்தது. ரத்தினசாமி இப்போது தலைவர். சாயங்காலமானால் கிரவுண்டில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, உலகத்தின் எக்காலத்துக்கும் சிறந்த ஒருநாள் அணியைப் பொறுக்குவது அந்தக் கூட்டத்தின் பொழுதுபோக்கு. சச்சினோடு இறங்குவது யார், கீப்பர் கில்கிறிஸ்டா தோனியா என்று சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை நடக்கும். உலகத்துக்கே பொறுக்குகிறவர்கள் நம் கிளப்புக்கு ஏன் பொறுக்கக்கூடாது என்று யாரோ கேட்க, விழாவுக்கு உதயம் கிளப்பின் எக்காலத்துக்கும் சிறந்த ஒருநாள் அணி என்று முடிவாகிவிட்டது. அதற்கு ஒரு கமிட்டி: ரத்தினசாமி, தனபால், செயலாளர் கௌசிக்.

யோகப்பிரியா புருஷனிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? பந்து போட்டதை எல்லோரும் பார்த்தார்கள் அல்லவா? பால் கறக்கும்போதும் தேங்காய் பொறுக்கும்போதும் மனசு சும்மா இருக்காமல் அந்தப் பதினொரு பேரைப் போட்டுப் பார்த்துக்கொண்டது. எட்டாவதாகத் தன் பேரை வைத்தது. ஆசைப்படுகிறோமே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது கௌசிக் பைக்கில் வந்து இறங்கி ஒரு பிளெக்ஸை விரித்தான்.

"அக்கா, ஞாயித்துக்கெழம விழாவுங்க. இத உங்க வேலியில கட்டிக்கட்டுமுங்களா? ரோட்டுல போறவங்களுக்கு நல்லாத் தெரியும்."

பதினொரு வட்டத்துக்குள் பதினொரு முகங்கள். நடுவில் கேப்டன் ரத்தினசாமி. பக்கத்தில் மீசை முளைத்த புதிதில் இருந்த தனபால், கையில் கிளவுஸ். சுழல் பந்துக்குச் சென்னிமலை. சென்னிமலை நல்ல மனுஷன்தான். ஆனால் அவன் போட்ட பந்து சுழன்றதை அவன் பெண்டாட்டிகூடப் பார்த்ததில்லை. கடைசி வரியில் பொடி எழுத்தில் 'மைதானம் தந்துதவிய செங்கோட்டையன் குடும்பத்தாருக்கு நன்றி' என்று இருந்தது.

"இதுல நான் எங்க கௌசிக்?"

அவன் அதை விளையாட்டுப் பேச்சு என்று நினைத்தான். "கீழ இருக்கீங்களேங்க்கா. குடும்பத்தாருன்னு."

"சுருட்டி எடுத்துட்டுப் போ."

"அக்கா?"

"வேலியில கட்டுனீன்னா அருவாளால கிழிச்சுப்போடுவேன். எடுத்துட்டுப் போடா."

மத்தியானம் தனபாலுக்குச் சோறு போட்டுவிட்டு அவள் உட்காராமல் நின்றாள்.

"சென்னிமலை எத்தன விக்கெட் எடுத்தாருங்க?"

தனபாலின் கை சோற்றிலேயே நின்றது. "பிரியா, அது ரத்தினண்ணன் முடிவு பண்ணுனது."

"மூணு பேரு உக்காந்த கமிட்டியில அவரு ஒருத்தருதான். நீங்க எதுக்குப் போனீங்க, டீ குடிக்கவா?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். ஊட்டுக்காரி பேர ஊட்டுக்காரனே சொன்னா நாலு பேரு என்ன நெனப்பாங்க?"

"உங்க பேர எழுதறப்ப மட்டும் நாலு பேரு ஒண்ணும் நெனைக்கலீங்களா? நீங்க அடிச்ச ஸ்டம்பிங்ல பாதி எம் பந்துல அடிச்சது. பந்து போட்டவ இல்லாம கீப்பரு மட்டும் எப்பிடிங்க வந்து நிக்கறாரு?"

தனபால் தட்டில் கை கழுவிவிட்டு எழுந்து போனான். அவனுடைய அந்த மௌனம் அவளுக்குப் பழக்கமானதுதான். பழக்கமானது என்பதே அவளை இன்னும் எரித்தது.

சாயங்காலம் கிரவுண்டுக்குப் போனாள். நாற்காலிகள் போட்டிருந்தார்கள். தனபாலும் ஓர் ஓரத்தில் நின்றிருந்தான். உலக அணியின் வேகப்பந்துக்காரன் யார் என்று சத்தம் போய்க்கொண்டிருந்தது. இவளைக் கண்டதும் அடங்கியது.

"அண்ணா, டீமுல எம்பேரு ஏனுங்க இல்ல?"

ரத்தினசாமி சிரித்தார். "அட, அம்மிணி! அது ஆளு பத்தாத காலத்துல நீ ஒரு வெளையாட்டுக்கு ஆடுனது."

"மத்தவங்கெல்லாம் வேற எதுக்குங்க ஆடுனாங்க?"

ஒருத்தன் சிரித்துவிட்டு உடனே வாயை மூடிக்கொண்டான். ரத்தினசாமியின் முகம் மாறியது. "இது ஆம்பளைங்க டீமு. அதுல எப்பிடி உன்னையப் போடறது?"

"செமி பைனல்ல எங்கிட்ட அவுட்டாகிப் போனவங்களும் ஆம்பளைங்கதானுங்களே. சரி, பைனல்ல என்னைய எதுக்கு உக்கார வெச்சீங்க? இத்தன பேரு முன்னால அதையாச்சும் சொல்லுங்க."

"பழசயெல்லாம் எதுக்குக் கெளர்றே? பன்னண்டாவதாப் போட்டுக்கலாம். கௌசிக்கு, கீழ ஒரு போட்டோ ஒட்ட எடம் இருக்குதா பாரு."

"தண்ணி தூக்கவா?" என்றாள். தனபாலைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை, 'அண்ணா, அவ கேக்கறது நாயம்' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மறுநாள் நடந்தது நடந்திருக்காது.

சனிக்கிழமை விடிந்ததும் டிராக்டரில் கலப்பையை மாட்டினாள். முந்தின வாரம் பெய்த கோடைமழையில் மண் பதமாக இருந்தது. ஓரத்திலிருந்து தொடங்கவில்லை, நேரே நடுவிலிருந்த பிட்சின் மேல் ஏற்றினாள். வருஷக்கணக்காக உருளை உருட்டி இறுகிய மண். முதல் சாலில் கலப்பை கீறிக்கொண்டு போனதே தவிர இறங்கவில்லை. திருப்பி ஓட்டினாள். மறுபடி திருப்பி ஓட்டினாள். கடைசியில் அது ஓடுஓடாகப் பெயர்ந்து புரண்டபோது பல்லைக் கடித்தபடி ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள்.

சத்தம் கேட்டு ஊர் திரண்டது. ரத்தினசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்து டிராக்டருக்கு முன்னால் நின்றார்.

"நாளைக்கு விழாவ வெச்சுக்கிட்டு என்ன காரியம் பண்றே? உங்கப்பன் குடுத்த வாக்கு இது!"

"எங்கப்பா கிளப்புக்குக் குடுத்தாருங்க. அந்தக் கிளப்புல நான் ஆடவே இல்லீன்னு நீங்கதான சொல்றீங்க. அப்பறம் எனக்கும் அதுக்கும் என்னங்க? தள்ளி நில்லுங்க."

"ஒத்தப் பொம்பளையோட வீம்புக்கு ஊருப் பசங்க வெளையாட்டு போகோணுமா?"

"தள்ளுங்கண்ணா. வண்டிக்குப் பிரேக் அவ்வளவா புடிக்காது."

பிரேக் நன்றாகவே பிடிக்கும். ஆனாலும் அவர் தள்ளி நின்றார்.

எல்லோரும் தனபாலைப் பார்த்தார்கள். அவன் கிரவுண்டுக்குள் இறங்கினான். அவளைத் தடுக்கப் போகிறான் என்று நினைத்தார்கள். அவன் எல்லைக்கோட்டில் நட்டிருந்த கொடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தான். டிராக்டருக்கு வழி விடுகிறானா, கொடிகளைக் காப்பாற்றுகிறானா என்று அவளுக்குப் புரியவில்லை. கேட்கவும் இல்லை.

விழா ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. தனபால் போகவில்லை. தன் பேரை எடுத்துவிடச் சொல்லிவிட்டதாக ஞாயிறு மத்தியானம் அவளிடம் சொன்னான். அவன் முகத்தின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டியே பிளெக்ஸைக் கட்டினார்களாம். சொல்லிவிட்டு, அவள் ஏதாவது நல்ல வார்த்தை சொல்வாள் என்பதுபோல நின்றான்.

"வெள்ளிக்கெழம செஞ்சிருக்கோணுமுங்க," என்றாள். "இல்லீன்னா அந்த பைனல் அன்னிக்கே." மாட்டுக்கொட்டகைக்குப் போய்விட்டாள்.

கிரவுண்டில் தீவனச் சோளம் விதைத்தாள். கிளப் கோவிந்தாபுரத்தில் ஒரு வியாபாரியின் காலி இடத்துக்கு மாறியது. ஒரு பேருக்காக ஊர் கிரிக்கெட்டையே அழித்தவள் என்று டீக்கடையில் பேசினார்கள். பால் சொசைட்டியில் ஒருத்தி அதை அவள் முகத்துக்கு நேரே சொன்னாள்.

"ஒத்தப் பேருதானேன்னு இப்பச் சொல்றவங்க, ஒத்தப் பேருதானேன்னு அப்பவே எழுதியிருக்கலாமில்லீங்க?" என்றாள் யோகப்பிரியா. கேனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

சோளம் இடுப்புயரம் வந்தபோது ரத்தினசாமி வார்டு மெம்பரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். புது பிளெக்ஸ் அடிக்கலாம், அவள் படத்தை மேல் வரிசையில் போடலாம், நிலத்தை மட்டும் திருப்பி விட்டுவிடு என்றார்.

"படம் வேண்டாமுங்க. பைனல்ல என்னைய எதுக்கு உக்கார வெச்சீங்கன்னு கிளப்புல எல்லாரும் கேக்கறாப்பல சொல்லுங்க. அன்னிக்கே சோளத்த அறுத்துட்டு நெலத்தத் தாரேன்."

அவர் மெம்பரின் முகத்தைப் பார்த்தார். மெம்பர் கூரையைப் பார்த்தார். கொடுத்த காப்பியைக் குடிக்காமல் இருவரும் எழுந்து போனார்கள்.

அவர்கள் போன பிறகு தனபால் மெதுவாகக் கேட்டான். "கோவம் இன்னும் அடங்கலியா பிரியா?"

"இல்லீங்க."

"சோளம் அறுத்ததும் என்ன பண்றதா இருக்கே?"

"கடலை போடலாமுன்னு இருக்கேன்," என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன அந்தக் காப்பியை எடுத்துக் கழுநீர்த் தொட்டியில் ஊற்றினாள்.