கூரைக்குக் கீழே ஒரு பெண்

சீனாவின் அன்யாங் சந்தையில் தோ சென்லினைத் தெரியாதவர் கிடையாது. வருஷம் முழுக்கக் கோதுமைக் கொல்லையில் கிடக்கிற மனிதர், புது வருஷம் நெருங்கினால் தூரிகையும் கையுமாக உட்கார்ந்துவிடுவார். கதவில் ஒட்டும் சிவப்புத் தாளில் ‘ஆன்’ என்ற எழுத்தை அவர்தான் எழுத வேண்டும் என்று ஊரே காத்துக் கிடக்கும். நிம்மதி என்று அர்த்தம். எழுதினாரா, கொடுத்தாரா என்று விடமாட்டார். எழுத்தின் ஒவ்வொரு கோட்டையும் தொட்டுக் காட்டுவார், வாய் சும்மா இருக்காது.

“மேல பாருங்க, கூரை. கீழ மண்டி போட்டு, கைகட்டி உக்காந்திருக்கா பாருங்க, பொண்ணு. பொண்ணு வீட்டுக்குள்ள பத்திரமா இருந்தா நிம்மதி. மூவாயிரம் வருஷம் முன்னாடியே ஆமை ஓட்டுல கீறி வச்சிட்டான்யா!”

அந்த வருஷக் கடைசி நாள் சாயங்காலம் பனி கொட்டியது. அடுப்பில் மருமகள் வைத்த கறிக் கொழுக்கட்டை வெந்துகொண்டிருந்தபோது கதவைத் தட்டியவள் மகள் சூயுன். உதடு கிழிந்திருந்தது. புருஷன்காரன் அடித்திருக்கிறான், படுபாவி.

சென்லின் பதறி எழுந்தார். மகன் காங் குறுக்கே வந்து நின்றான்.

“கட்டிக்கொடுத்த பொண்ணு இன்னிக்கு ராத்திரி பொறந்த வீட்டு விளக்கைப் பாத்தா குடும்பமே நொடிச்சுப் போயிடும். தெரியாதாப்பா உங்களுக்கு?”

தெரியும். மகள்கள் தாய்வீடு வருவது புது வருஷத்து இரண்டாம் நாள்தான். என்ன எழவு வழக்கமோ!

“இன்னும் கடைசி பஸ் இருக்கு கண்ணு. நாளன்னிக்குக் காலையிலேயே வந்துடு. அப்பா வாசல்லயே நிக்கறேன்.”

“உங்க எழுத்துல கூரைக்குக் கீழ இருக்கறவ யாருப்பா? அண்ணியா?”

அவள் போய்விட்டாள்.

பனியில் அந்த பஸ் வரவே இல்லை. விடிந்ததும், ரோட்டோரக் கொட்டகையில் விறைத்துக் கிடந்தவளை அக்கம்பக்கத்தார் வண்டியில் கிடத்திக் கொண்டுவந்தார்கள்.

வெளியே உயிர் போனவரின் உடம்பை வீட்டுக்குள் ஏற்றக் கூடாது. அதுவும் வழக்கம்தான். காங் அழுதுகொண்டே முற்றத்தில் பாய் விரித்தான்.

“இங்கயே வச்சிடலாம்ப்பா.”

“வழக்கமாவது மண்ணாங்கட்டியாவது! தள்ளுடா!”

கதவு இரண்டையும் விரியத் திறந்தார். யாரையும் தொடவிடாமல் தானே மகளைத் தூக்கிப்போய், அடுப்போரம் கிடத்தினார். பக்கத்தில் உட்கார்ந்து அவள் கைகளைத் தேய்த்தார்.

“உள்ள வந்துட்டே கண்ணு. இனிமே உன்னை யாரும் போகச் சொல்ல மாட்டாங்க.”

மத்தியானம் வரை தேய்த்துக்கொண்டே இருந்தார்.