ஏழாவது டின்

போன ஞாயிற்றுக்கிழமை பால் டின்களோடு எஸ்டேட் கேட்டில் நின்றேன். எனக்குப் பயம் கொஞ்சம் அதிகம் — பழைய வாசகர்களுக்கு இது தெரியும்.

சங்கதி இதுதான். கோலா சிலாங்கூர் ஆற்று முகத்தில் ஒரு சின்னத் தீவு. வெயிலில் காய்ந்த லாலாங் புல் பற்றிக்கொண்டு, அங்கிருந்த மலாய்க்காரர் கிராமம், அதாவது கம்பம், முழுக்கச் சாம்பலாகிவிட்டது. பிள்ளை பெற்ற ஒருத்திக்கு அதிர்ச்சியில் பாலே வற்றிவிட்டதாம். எங்கள் தோட்டத் தொழிலாளர் லயத்துச் சனங்கள் பால் டின் சேர்த்தார்கள். நான் எஸ்டேட் கிராணி, கணக்கு எழுதுகிறவன் ஆயிற்றே... கொண்டுபோகும் வேலை என் தலையில் விழுந்தது.

இந்த அவசரகாலச் சட்டத்தில் சாப்பாட்டுப் பொருளோடு கேட்டைத் தாண்டுவது சும்மாவா? காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போகிறது என்று சந்தேகம் வந்தால் போதும், ஜெயில்தான். துரையிடம் கெஞ்சி ஆறு டின்னுக்குக் கடிதம் வாங்கினேன். ஒரு நிபந்தனை. யாரும் பதுக்கி வைக்க முடியாதபடி ஒவ்வொரு டின்னிலும் ஓட்டை போட்டுத்தான் வெளியே விடுவார்கள்.

கேட்டில் கான்ஸ்டபிள் முத்து. (பெயர்களை மாற்றியிருக்கிறேன், பயம்தான்.) தீபாவளிக்கு என் வீட்டில் சாப்பிட்டவன், அன்று சிரிக்கவே இல்லை. டின்னுக்கு இரண்டு ஓட்டையாக ஆணி அடித்துக்கொண்டே வந்தவன், சட்டென்று நிறுத்தினான்.

“கிராணியாரே, கடுதாசில ஆறுதான் இருக்கு. இது ஏழு.”

மனைவி, பிள்ளைகள் முகம் வந்து போனது. ஓடலாமா? ஓடினால் சுடுவார்களே...

சோதனைக்காகப் பின்னால் நின்ற பேச்சியம்மா, ரப்பர் பால்மரம் சீவுகிறவள், முன்னே வந்தாள்.

“நான்தான் வச்சேன் லா. என் புள்ள பங்கு. கிராணிக்குத் தெரியாது.”

முத்து, சற்றுத் தள்ளி நின்ற போலீஸ் அதிகாரியின் பக்கம் ஒருமுறை பார்த்தான். பிறகு ஏழாவதிலும் ஆணியை இறக்கினான்.

“ஓட்ட போட்டாச்சு. இனி இது காட்டுல தாங்காது. போங்க.”

ஓட்டைகளில் காகிதத்தைத் திணித்து, டின்களைச் சாம்பான் படகில் நிமிர்த்தி வைத்துப் பிடித்துக்கொண்டேன். தீவு வரும்வரை அந்த ஓட்டைகளைத் திட்டித் தீர்த்தேன். நாளைக்குள் புளித்துவிடுமே என்ற கவலை வேறு.

கரையில் அந்தத் தாய் காத்திருந்தாள். கைப்பிள்ளைக்கு அழக்கூடத் தெம்பில்லை. டின்னை நீட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது — இதை எதைக் கொண்டு திறப்பது? அங்கே கத்தி, அரிவாள் எல்லாம் வீட்டோடு போய்விட்டன. சோதனைக்குப் பயந்து நானும் ஒரு பேனாக்கத்திகூட எடுத்து வரவில்லை.

அவள் என்னைக் கேட்கவே இல்லை. காகிதத்தைப் பிடுங்கினாள், டின்னைச் சிரட்டையில் கவிழ்த்து ஓட்டை வழியே பாலை இறக்கினாள், வெந்நீர் ஊற்றிக் கலக்கினாள்.

சட்டத்தில் ஓட்டை இருக்கிறது என்பார்கள். சட்டமே போட்ட ஓட்டையில் ஒரு பிள்ளை பசியாறியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.