சுளுக்குதான் என்றவர்

பெண் பிள்ளைகள் அரைக்கால் சட்டையோடு பந்து உதைப்பதைச் சுவரேறி வேடிக்கை பார்த்த ஊர் எங்களுடையது. அங்கிருந்து மாநில அணியின் பயிற்சி முகாமுக்கு எனக்கு அழைப்பு வந்தபோது வயது பதினேழு. எங்கள் பயிற்சியாளர் அதைத் தன் கழுத்தில் விழுந்த மாலையாகவே எடுத்துக்கொண்டார். "நான் உருவாக்குன பிள்ள" என்று கண்டவர்களிடமெல்லாம் சொன்னார். அவர் எதையும் கற்றுக்கொடுத்ததாக எனக்கு ஞாபகமில்லை. விசில் ஊதியது ஞாபகமிருக்கிறது.

முகாமுக்கு முன்னால் சின்னமனூரில் ஒரு போட்டி. பந்தோடு திரும்பும்போது முழங்காலுக்குள் ஏதோ படக்கென்றது. விழுந்துவிட்டேன். அவர் ஓடிவந்து காலைப் பிடித்து இழுத்தார், ஸ்பிரே அடித்தார்.

"சுளுக்குதான் ஆத்தா, எந்திரி. பெரிய ஆளுக பாத்துக்கிட்டு இருக்காக."

எழுந்து ஓடினேன். மறுபடி விழுந்தேன். மதுரையில் ஸ்கேன் எடுத்தால் ஜவ்வு முழுக்கக் கிழிந்திருந்தது. முகாம் போயிற்று. "வார்ம்அப் பண்ணாம இறங்கிருச்சு, நான் என்ன செய்ய?" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

ஆபரேஷன் முடிந்து, தென்னந்தோப்பில் நடந்து, பிறகு மெல்ல ஓடி, காலைத் தேற்றினேன். டாக்டர் இன்னும் பொறுக்கச் சொல்லியிருந்தார். இவரோ வீட்டுக்கே வந்துவிட்டார். இறுதி ஆட்டமாம், அரைமணி நேரம் இறங்கினால் போதுமாம்.

"டாக்டரு ஆடக் கூடாதுன்னு சொன்னாகளே," என்றாள் அம்மா.

"டாக்டருக்குப் பந்தப் பத்தி என்னம்மா தெரியும்?"

எனக்கு ஆட்டத்தின் மேலிருந்த பசி அவருக்குத் தெரியும். அதைத் தூண்டிலாக்கத் தெரிந்ததுதான் அவருடைய ஒரே திறமை. இறங்கினேன். ஒரு கோல் போட்டேன். அடுத்த மோதலில் அதே ஜவ்வு போனது. என்னை ஆட்டோவில் ஏற்றியவர்கள் எதிரணிப் பிள்ளைகள். அவர் கோப்பையைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றிருந்தார்.

இப்போது நான் போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் வேலை பார்க்கிறேன். போன மாதம் அங்கே வந்தார். அவருக்குப் பாராட்டு விழா. நான் மேடையேறி நாலு நல்ல வார்த்தை பேச வேண்டுமாம்.

"காலு இப்ப எப்படிம்மா இருக்கு?"

"எந்தக் காலு சார்?"

கொஞ்சம் யோசித்து, இடது காலைப் பார்த்தார். கிழிந்தது வலது.

எனக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கும் எதிரில் ஓர் ஆள் வேண்டுமே. "வேலை கெடக்கு சார்" என்று திரும்பிக்கொண்டேன்.

விழாவில் வேறொரு பிள்ளையைப் பேச வைத்தார்களாம். முழங்காலில் கட்டோடு மேடையேறி, அழுதுகொண்டே அவருக்கு நன்றி சொன்னாளாம். நல்ல கைதட்டல் என்றார்கள்.