வெக்கேட்

இன்று பேருந்து சைதாப்பேட்டைப் பாலத்தில் நின்றபோது அடையாற்றுச் சேற்றின் வாடை முகத்தில் அடித்தது. இப்போது கம்பிவேலி நிற்கும் அந்தக் கரையில்தான் எங்கள் தகர வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. சாயங்காலம் குழாயடிச் சண்டைக்கும் கொசுவுக்கும் நடுவே, பக்கத்து வீட்டு நூருவும் நானும் வாசலில் உட்கார்ந்து ஆங்கிலப் பாடத்தைச் சத்தம்போட்டுப் படிப்போம். சப்ஜெக்ட்டும் வெர்ப்பும் இருந்தால்தான் முழு வாக்கியம் என்று படித்துக்கொண்டிருந்த ஒருநாள், ஜீப்பில் வந்த அதிகாரி இறங்காமலேயே எங்கள் வரிசையைப் பார்த்து, "வெக்கேட்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

"இன்னாடி சொல்லிக்கினு போறான்?" என்றாள் அம்மா, அரிசி களைந்தபடி.

"காலி பண்ணுன்னு சொல்றாரும்மா. ஆனா வெர்ப் மட்டும்தான் கீது. யாருன்னு சொல்லல. அது முழு வாக்கியமே இல்ல," என்றேன் தைரியமாக.

நூரு பக்கத்தைப் புரட்டினாள். அவள் குரல் இறங்கிப்போனது.

"முழு வாக்கியம்தான்டி. ஆர்டர் போட்டா சப்ஜெக்ட்ட சொல்ல வேணாமாம். எதிர்ல யார் கீறாங்களோ, அவங்கதானாம்."

அம்மா அரிசியை அப்படியே விட்டுவிட்டு, பரண்மேல் இருந்த அண்டாவை இறக்கித் துணிகளைத் திணிக்கத் தொடங்கினாள். அந்த வாரமே லாரிகள் வந்தன. நூரு ஏறிய லாரி வேறு பக்கம் திரும்பியது.